அசைந்தால் எரியும்

சூரத்திலிருந்து வரும் சேலை மூட்டையைத் தலையில் ஏற்றியதும் முதலில் தெரிவது கனம் இல்லை, நெடி. சாக்கும் கஞ்சியும் லாரி டீசலும் கலந்த நெடி. அது மூக்கில் ஏறி முடிப்பதற்குள் கழுத்து உள்ளே இறங்கிவிடும். அப்புறம் படி. பஞ்சநதம் அண்டு சன்ஸ் ஜவுளி மாளிகையின் பின்பக்கப் படி ஒரு ஆள் போகிற அகலம்தான். எதிரே ஒருத்தி இறங்கினால் மேலே போகிறவள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பூதலூரிலிருந்து முதல் பாசஞ்சரில் வந்து, தஞ்சாவூர் ஸ்டேஷனிலிருந்து ஆற்றுப்பாலம் வரை ஓட்டமும் நடையுமாகப் போய், கிழக்கு வெளுக்கும் முன்பே நாங்கள் இந்த மூட்டைகளுக்குத் தலை கொடுப்போம். தீபாவளி சீசன் என்றால் அப்படித்தான். லாரி ஆட்கள் பின்வாசலில் இறக்கிப் போடுவதோடு சரி. மாடிக்கு ஏற்றுவது எங்கள் தலைவிதி. லிஃப்ட் இருக்கிறது. அது வாடிக்கையாளர்களுக்கு. கடை திறக்கும்வரை அதற்குக் கரண்ட் கிடையாது.

"சேலை விக்கத்தானே முதலாளி எங்களைச் சேத்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சீசன்ல எல்லாரும் எல்லா வேலையும் பாக்கணும் மேகலா. நானும் பாக்கறேன்ல?" என்றார்.

பார்ப்பது உண்மைதான். கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பார்.

இந்தக் கதை விளக்கைப் பற்றியது. விளக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முன்பெல்லாம் பட்டுப் பகுதியில் தலைக்கு நேரே குமிழ் குமிழாக விளக்குகள் எரியும். ஜன்னலையெல்லாம் விளம்பரப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள், காற்றும் வராது. மாலைக்குள் உச்சந்தலை கொதிக்கும். போன பொங்கலுக்கு முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு லட்டும் கொடுத்துப் பேசினார்.

"கரண்ட் பில்லு என்னை முழுங்குது பிள்ளைங்களா. கடை முழுக்க எல்இடி மாத்தப்போறேன். ஆள் இருக்கற எடத்துல எரியும், இல்லாத எடத்துல தானா அணைஞ்சிரும். அதுல மிச்சமாகறது எனக்கு மட்டும் இல்ல. மாடியில உங்களுக்கு ஒரு சாப்பாட்டு ரூம் கட்டித்தர்றேன். ஒருத்தரைக்கூட வேலைய விட்டு நிறுத்தமாட்டேன். நீங்கள்லாம் என் பொண்ணுங்க மாதிரி."

நாங்கள் கை தட்டினோம். சும்மா ஒப்புக்குத் தட்டவில்லை, மனதாரத் தட்டினோம். விளக்கு மாறியது. சூடு போனது. கூரையில் வெள்ளை வெள்ளையாகக் குமிழ்கள் முளைத்தன. ஆள் அசைவதைப் பார்த்து விளக்கை ஏற்றுகிற கண்கள் அவை. அதற்குக் 'கண்ணுசாமி' என்று பெயர் வைத்தவள் கமருன்னிஸா. ரவிக்கைத் துணி பகுதியில் நிற்பவள், வாய்த்துடுக்கு அதிகம். விளக்கு அணைந்தால் தலைக்கு மேலே கையை ஆட்டுவோம், எரியும். "கண்ணுசாமிக்குக் கும்பிடு போட்டாச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொள்வோம்.

சாப்பாட்டு ரூமும் கட்டினார்கள். பெயின்ட் காய்வதற்குள் அதில் போர்வைக் கட்டுகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். வணிகர் சங்கத்து விழாவில் மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்காக முதலாளிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், மாலையோடு இருக்கிறது. நாங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதுகூடப் போகட்டும் என்றுதான் இருந்தோம்.

ஏனென்றால் எங்களுக்கு இளஞ்செழியன் இருந்தார். செழியன் அண்ணன் என்போம்.

வேட்டிப் பகுதியில் விற்பனையாளராக இருந்தவர், எங்கள் பூதலூர்க்காரர், அதே பாசஞ்சரில் வருகிறவர். கடைகளில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது பல கடைகளில் ஸ்டூல் வாங்கிக் குடோனில் போட்டார்கள். எங்கள் கடையிலும் அதேதான் நடந்திருக்கும். செழியன் அண்ணன் குடோனிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து, முதலாளியின் கண்ணெதிரே போட்டு, அதில் உட்கார்ந்தார். "சட்டம் உக்காரச் சொல்லுது முதலாளி, நான் என்ன செய்யட்டும்?" என்றார். அன்றைக்குத்தான் நாங்களும் உட்கார்ந்தோம். காலையில் ஏறிய கால் ராத்திரி இறங்கும்வரை வீங்கிக்கிடந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்டது என்று உட்கார்ந்தே பிழைப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. அவருக்காக எதையும் செய்திருப்போம்.

பிறகு அவரை ஃப்ளோர் மேனேஜர் ஆக்கினார்கள். நம்ம ஆள் மேலே போய்விட்டார் என்று சந்தோஷப்பட்டோம்.

ஆடித் தள்ளுபடி முடிந்தபின் கண்ணுசாமிக்கு என்னவோ ஆகிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவதற்குள் தலைக்கு மேலே இருண்டுவிடும். இருண்ட பகுதி தூரத்திலிருந்தே தெரியும். "பட்டு செக்‌ஷன் என்ன தூங்குதா?" என்று மைக்கில் முதலாளியின் குரல் வரும். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மானம் போகும். எழுந்து நின்று, நின்றால் போதாது, அடுக்கின சேலையையே கலைத்து மறுபடி அடுக்கி, எதையாவது அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஸ்டூலை யாரும் பிடுங்கவில்லை. அது சுவரோரமாக இருந்தது, எங்களுக்குத்தான் உட்காரப் பயமாக இருந்தது.

அன்று காலை ரெத்தினம் அக்கா எனக்கு முன்னால் மூட்டையோடு ஏறினாள். குடவாசல் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்தவள். குத்தகைக்குப் பார்த்த நிலத்தை நிலக்காரர் பிளாட் போட்டு விற்றபிறகு தஞ்சாவூருக்குக் குடிவந்தாள். பட்டுப் பகுதியில் என் ஜோடி. சேற்றில் பகலெல்லாம் குனிஞ்சு நின்னப்ப வலிக்காத இடுப்பு இங்க நிமிந்து நின்னா வலிக்குதே என்பாள்.

இரண்டாம் மாடிக்குத் திரும்புகிற இடத்தில் நின்றாள். "மூச்சு வாங்கிக்கறேன்டி, இரு."

நானும் நின்றேன். இருவரும் அசையவில்லை. விளக்கு அணைந்தது.

"அக்கா, கையை ஆட்டு!"

எந்தக் கையை ஆட்டுவாள்? இரண்டு கையும் தலைமேல் மூட்டையைப் பிடித்திருந்தன. என் கைகளும் அப்படித்தான். அக்கா இருட்டில் குத்துமதிப்பாகக் காலை வைத்தாள். மூட்டை முதலில் வந்தது, என் தோளை இடித்துச் சுவரோடு அழுத்தியது. அதன் பின்னால் அவள் வந்தாள். என்னைத் தாண்டிப் படிப்படியாக அடிபட்டுக்கொண்டு கீழே போன சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கீழே பின்வாசலில் நின்றிருந்த செழியன் அண்ணன் கத்தினார். "என்ன ஆச்சு? ஏன் இருட்டா இருக்கு?"

அவர் கேட்டது இதுதான். என் காதால் கேட்டேன்.

அக்காவை ஆட்டோவில் ஏற்றி, கமருன்னிஸாவைத் துணைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கடை திறக்குமுன் முதலாளி எங்களைக் கல்லா முன்னால் நிற்கவைத்தார். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"காலையில வெறும் வயித்தோட வந்தா இப்படித்தான். மயக்கம் போட்டு விழுந்துட்டா, பாவம்."

"மயக்கம் இல்ல முதலாளி, லைட்டு அணைஞ்சுபோச்சு. நான் பின்னாலதான் நின்னேன்" என்றேன்.

"அணைஞ்சுச்சா? ஆள் நிக்கறப்ப எப்படிம்மா அணையும்?" முகத்தில் இருந்த சிரிப்புக்கூட மாறவில்லை. "செழியா, நீ கீழதானே நின்னே? சொல்லு."

செழியன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், அவர் சொல்லிவிடுவார் என்று. அவர் கண் என்னைவிட்டு நகர்ந்து அந்தக் கேடயத்துக்குப் போனது.

"எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு முதலாளி."

"ஏன் இருட்டா இருக்குன்னு நீங்கதானேண்ணே கேட்டீங்க?"

"நீ பதட்டத்துல இருந்தே மேகலா. உனக்கு எது காதுல விழுந்துச்சோ."

"சரி, முடிஞ்சுது" என்றார் முதலாளி. "ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கி அனுப்பு செழியா. அந்தம்மாவுக்கு இனிமே படியேற முடியாது. பட்டு செக்‌ஷனுக்கு வேற ஆள் பாரு. அவங்கவங்க எடத்துக்குப் போங்க, கஸ்டமர் வர்ற நேரம்."

எனக்கு அழுகை வரவில்லை. முதலாளி பொய் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. அவர் எங்களை ஏய்ப்பது புதிதா என்ன? செழியன் அண்ணன் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே ரயிலில் என் டிபன் டப்பாவிலிருந்து புளிசாதம் எடுத்துத் தின்றவர். அன்று முழுவதும் நான் சேலையை விரித்தேன், மடித்தேன், எவரிடம் என்ன பேசினேன் என்று தெரியாது.

மத்தியானம் தொட்டி நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். கமருன்னிஸா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். அவள் தம்பி ஜாஃபர் சாதிக் கையில் டெஸ்டரோடு மாடி ஏறி வந்தான். சவூதியில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவன். எங்கள் கடை விளக்குகளை மாட்டியது அவன்தான்.

"நீ எங்கடா இங்க?" என்றாள் கமருன்னிஸா.

"முதலாளி அவசரமா வரச்சொன்னாரு. படியில லைட்டு சீக்கிரம் அணையுதாம், நேரத்தைக் கூட்டி வைக்கணுமாம்."

காலையில் எரிந்த விளக்குக்கு மத்தியானம் வைத்தியம் நடக்கிறது.

"சீக்கிரம் அணையற மாதிரி ஏன்டா வெச்சே?" கமருன்னிஸாவின் குரல் உயர்ந்தது.

"நானா வெச்சேன்? மொதல்ல நல்லா நேரம் விட்டுத்தான் வெச்சேன்க்கா. ஆடி முடிஞ்சு செழியன் அண்ணன் கூப்பிட்டு எல்லாத்தையும் குறைக்கச் சொன்னாரு. படிக்கு மட்டும் வேணாம்ணே, திருப்பத்துல செவுரு மறைக்குது, அந்தக் கண்ணுக்கு ஆள் தெரியாதுன்னேன். 'படியில மட்டும் விட்டா அங்க போய் உக்காந்துக்குவாளுங்க'ன்னாரு. எனக்கும் வேலை வேணும், குறைச்சேன்." அவன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "யார் கேட்டாலும் இதைச் சொல்றேன். எனக்குப் பயமில்ல."

உட்கார்ந்துக்குவாளுங்க. எங்களை உட்காரவைத்த மனுஷன் சொன்ன வார்த்தை.

நேரமாகிறது என்று எங்களை விரட்ட அவரே மேலே வந்தார். ஜாஃபரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். புரிந்துகொண்டார்.

"நீங்க நினைக்கற மாதிரி இல்ல" என்றார். "மிச்சம் போதலை, பாதி ஆளைக் குறைக்கப்போறேன்னாரு முதலாளி. ஆளைக் குறைக்க வேணாம், லைட்டுல இன்னும் மிச்சம் காட்டறேன்னு நான்தான் சொன்னேன். உங்க வேலையைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"மாட்டோம். அதனாலதான் நீங்க சொல்லல."

"எனக்கும் புள்ளகுட்டி இருக்கு மேகலா."

"ரெத்தினம் அக்காவுக்கு இல்லையா? லைட்டைக் குறைச்சது எங்களுக்காகன்னே வெச்சுக்குவோம்ணே. காலையில எரிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அது யாருக்காக?"

அவர் தொட்டியைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கிப்போனார். அண்ணன் என்று அவரை நான் கூப்பிட்டது அதுதான் கடைசி.

முதலில் அழுதது குழந்தைத் துணிப் பகுதி தங்கமணி. வேறு கடைக்குப் போய்விடலாம் என்றாள் ஒருத்தி. எல்லாக் கடையிலும் இதே விளக்கு வந்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. கமருன்னிஸா டப்பாவை மூடிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கிற நேரமா என்று எனக்குக் கோபம் வந்தது.

"இல்லடி, யோசிச்சுப் பாரு. நாம அசைஞ்சாத்தான் இவங்க கடையில வெளிச்சம். அப்ப அசையலேன்னா?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

அன்று மாலைக்குள் வேட்டிப் பகுதி ஆண்கள் வரை செய்தி போய்விட்டது. சேலையை விரிக்கிறபோது, மடிக்கிறபோது, கைமாற்றிக் கொடுக்கிறபோது குனிந்து ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பேசிக்கொள்வதற்கு எங்களுக்குச் சங்கக் கட்டடம் இல்லை, ஆறு கெஜம் சேலை இருந்தது.

மறுநாள் விடிகாலை மூட்டைக்குப் போகாமல் நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெத்தினம் அக்கா காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தாள். ஆப்பரேஷன் செய்யவேண்டுமாம். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"என் எடத்துல ஆள் போட்டுட்டாங்களாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. போட விடமாட்டோம்."

"லைட்டு அணைஞ்சுதான் விழுந்தேன்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"நம்பினாங்களா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னிக்கு எல்லாரும் சேந்து சொல்லப்போறோம்" என்றேன்.

கடை திறக்கிற நேரம். வெளியே கண்ணாடிக் கதவை ஒட்டி, தீபாவளிக் கூட்டம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஒவ்வொரு தளத்திலும் நாங்கள் சுவரோரத்து ஸ்டூல்களை இழுத்து அவரவர் இடத்தில் போட்டோம். என் பக்கத்தில் ரெத்தினம் அக்காவின் ஸ்டூலையும் போட்டேன். உட்கார்ந்தோம். கைகளை மடியில் வைத்தோம். அவ்வளவுதான். கோஷமில்லை, கொடியில்லை.

முதலில் ரவிக்கைத் துணிப் பகுதி அணைந்தது. அப்புறம் சுடிதார். தங்கமணியின் தலைக்கு மேலே அணைந்தது. கடைசியாகப் பட்டுப் பகுதி. கீழ்த்தளத்துக் கண்ணாடியிலிருந்து படி வழியே ஏறிவந்த கொஞ்ச வெளிச்சத்தைத் தவிர, அத்தனை பெரிய மாளிகையும் இருட்டிக்கொண்டது. நேற்று விரித்த பட்டுகள் மடிக்காமல் மேஜையில் கிடந்தன.

செழியன் ஓடிவந்தார். அவர் தலைக்கு மேலே மட்டும் விளக்கு எரிந்தது. "எந்திரிங்க! கதவைத் திறக்கணும்!" என்று கத்தினார். யாரும் திரும்பக்கூட இல்லை. அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினார். போகிற இடமெல்லாம் எரியும், விட்டுவந்த இடம் அணையும். ஒற்றை ஆளாக ஒரு தளத்தை எரியவைக்கப் பார்த்தார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மனுஷன் அவர். வேர்த்து விறுவிறுத்து, கையை இறக்கி, ரெத்தினம் அக்காவின் ஸ்டூலைப் பார்த்தபடி நின்றார்.

"அது அக்காவோடது" என்றேன்.

முதலாளி படியேறி வந்தார். லிஃப்டை இயக்கவும் ஆள் எழவில்லை. வெளிச்சம் அவரோடு கூடவே நடந்து வந்தது. நாங்கள் இருட்டில் இருந்தோம், அவர் மட்டும் பளிச்சென்று தெரிந்தார்.

"என்னம்மா கூத்து இது? வெளிய ஊரே நிக்குது."

"உக்காந்திருக்கோம் முதலாளி. ஆள் அசையலேன்னா கரண்டு மிச்சம்தானே?" என்று இருட்டிலிருந்து கமருன்னிஸா சொன்னாள்.

"நக்கலா? ஒரு போன் போட்டா நாளைக்கே மயிலாடுதுறையிலேர்ந்து ஆள் வந்து நிக்கும்."

"வரட்டும். அவங்களுக்கும் கால் வலிக்கும்" என்றேன்.

"உங்களை எப்படியெல்லாம் வெச்சிருந்தேன். பொண்ணுங்க மாதிரி!"

"உங்க பொண்ணு படியில விழுந்திருந்தா, வேற ஆள் பாருன்னு சொல்லியிருப்பீங்களா?"

அவர் வாய் திறந்து மூடியது. வெளிச்சத்தில் நின்றதால் அது எல்லோருக்கும் தெரிந்தது.

"ரெத்தினம் அக்கா லைட்டு அணைஞ்சுதான் விழுந்தாங்கன்னு நீங்க உங்க வாயால சொல்லணும்" என்றாள் தங்கமணி. நேற்று அழுத அதே தங்கமணி. "அவங்க வைத்தியம் உங்க பொறுப்பு. அவங்க நடந்து வர்ற வரைக்கும் அந்த ஸ்டூலு அங்கேயே இருக்கும்."

"நாங்க உக்காந்தாலும் எரியற மாதிரி லைட்டை மாத்துங்க" என்று கீழ்த்தளத்திலிருந்து படி வழியே வேட்டிப் பகுதி நடராசனின் குரல் வந்தது.

முதலாளி செழியனைத் திரும்பிப் பார்த்தார். செழியன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது.

"நின்னுகிட்டே பேசினா கால் வலிக்கும் முதலாளி. கஸ்டமர் நாற்காலி இருக்கு, உக்காருங்க" என்றேன்.

போனை எடுத்தார், பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவருக்கு அப்படி உட்கார்ந்து பழக்கமில்லை, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அவர் தலைக்கு மேலிருந்த விளக்கும் அணைந்தது.

இருட்டில் எல்லோருடைய மூச்சும் கேட்டது.

"சொல்லு" என்றார்.

நான் பேசத் தொடங்கினேன். கையை மட்டும் மடியிலிருந்து எடுக்கவில்லை.